பச்சையில் நின்ற எட்டு பேட்டரிகள்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்பது இன்றுவரை எனக்குத் தகராறுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அச்சுக்கு அனுப்புகிறவர் பிழைகளைத் திருத்திப் போட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் பேட்டரி மேல் சாக்பீஸால் எண் எழுதியதும், ரசீதில் கஸ்டமர் பெயர் எழுதியதும்தான் என் எழுத்து வேலை.

நம் சங்கக் கூட்டத்தில், பேட்டரித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உங்கள் அனுபவத்தைப் பேசுங்கள் என்றார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். எழுத உட்கார்ந்தபோது, நல்லபடியாக முடித்த வேலை ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. இதுதான் வந்தது.

1. பச்சைக்கு ஏற்றுவது

நான் பட்டுக்கோட்டையில் ஒரு பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது லாரி, டிராக்டர், மைக்செட் பேட்டரிகள்தான் வரும். சில வருடத்தில் எல்லாம் மாறியது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் தென்னந்தோப்புக்கு நடுவில் மாடி வீடு கட்டினார்கள். வீட்டுக்கு வீடு மாடிப்படிக்குக் கீழே இன்வர்ட்டர் வந்தது. கரண்ட் கட் எங்களுக்குச் சோறு போட்டது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஹைட்ரோமீட்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்ன மிதவை இருக்கும். பேட்டரி மூடியைத் திறந்து, ரப்பர் குமிழை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சினால் அந்த மிதவை எழும். அதில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டை. சார்ஜ் நிறைந்திருந்தால் ஆசிட் கனமாக இருக்கும், மிதவை உயர்ந்து பச்சையில் நிற்கும். சார்ஜ் இறங்கினால் ஆசிட் நீர்த்துப் போய் சிவப்பில் நிற்கும். இது எங்கள் பக்கத்தில் கஸ்டமர்களுக்கும் தெரியும். வோல்ட் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். "பச்சை காட்டுதா?" என்பதுதான் கேள்வி.

வயதான பேட்டரியை இரண்டு நாள் சார்ஜில் போட்டாலும் பச்சைக்கு வராது. பிளேட்டில் வெள்ளை பூத்துவிட்டால் அப்படித்தான். அப்போது கடையில் ஒரு வேலை செய்வோம். ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு, அந்த அளவுக்குப் புது ஆசிட் ஊற்றுவோம். ஆசிட் கனமாகும். மிதவை பச்சைக்கு வந்து நிற்கும். பேட்டரிக்குப் பலம் வந்ததா என்றால் வரவில்லை. மிதவைக்குத்தான் வந்தது. பிளேட் முன்னைவிடச் சீக்கிரம் அரித்துப் போகும்.

எங்கள் முதலாளி இதைப் 'பச்சைக்கு ஏத்துறது' என்பார். "கெழவனுக்குத் தலையில மை பூசுறோம்ல, அந்த மாதிரிடா. பாக்குறவனுக்கு ஒரு திருப்தி" என்று சிரிப்பார். மூன்று நான்கு மாதத்தில் அதே கஸ்டமர் புதுப் பேட்டரி வாங்க வருவார். அதை ஏமாற்று என்று கடையில் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

2. சாகுல் பாயின் படகு

சாகுல் பாய் முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர். ஷார்ஜா துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் சர்வீஸ் படகு ஓட்டியவர். ஐம்பது வயதில், இனிப் போவதில்லை என்று முடிவு செய்து ஊருக்கு வந்தார். கொண்டுவந்ததை எல்லாம் போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கினார். பன்னிரண்டு பேர் உட்காரலாம். கோரையாற்றில் ஏறினால், இரண்டு பக்கமும் அலையாத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டே லகூன் வரை போய்த் திரும்பலாம். லகூன் என்பது ஆறுகள் கடலில் சேரும் முன்பு பரந்து கிடக்கிற உப்பங்கழி. ஊரில் படிக்காதவர்களும் லகூன் என்றுதான் சொல்வார்கள்.

பறவைகள் தங்கும் இடம் என்பதால் அங்கே டீசல் சத்தம் கூடாது, பேட்டரிப் படகென்றால் அனுமதி தரலாம் என்று வன அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பாய்க்கு அது வசதியாகப் போயிற்று. ஆறு வோல்ட் பேட்டரி எட்டு. வரிசையாகச் சேர்த்தால் நாற்பத்தெட்டு வோல்ட். முன் சீட்டுக்குக் கீழே நான்கு, பின் சீட்டுக்குக் கீழே நான்கு. முதல் வருடம் நன்றாக ஓடியது. இரண்டாவது வருடம் சித்திரையில், திரும்பி வரும்போது படகு இழுக்கவில்லை என்று கடைக்கு போன் வந்தது. முதலாளி என்னை அனுப்பினார்.

எட்டையும் பார்த்தேன். முதல் ஆறும் வெள்ளையில் நின்றன. ஏழும் எட்டும் சிவப்பு. அவை பின் மூலையில் இருந்தன. டார்ச் அடித்து மூடிக்குள் பார்த்தால் பிளேட்டின் தலை தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அந்த மூலையில் குவளையோடு கை நுழையாது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய பாய் ஆறோடு நிறுத்தியிருக்கிறார்.

"பாய், ஏழும் எட்டும் போச்சு. பழசோட புதுசு ரெண்டு சேத்தாலும் சரியா வராது. மொத்தமா மாத்தணும்." நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். மனசுக்குள் நாலு தரம் சொல்லியும் பார்த்தேன்.

பாய் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து, இறால் வைத்துப் பொரித்த வாடாவும் பால் விடாத தேநீரும் வந்திருந்தன.

"என்ன தம்பி முகம் ஒரு மாதிரி போகுது? மொதல்ல சாப்பிடுங்க. பச்சைக்கு வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க."

ஒருத்தர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

"வரும் பாய்" என்றேன்.

எட்டுக்கும் ஆசிட் ஏற்றினேன். அடுத்த நாள் காலை பாயே ஹைட்ரோமீட்டரை வாங்கி ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்தார். எட்டும் பச்சை. மீட்டர் வைத்தால் வோல்ட்டும் கூடவே காட்டியது. ஆசிட் கனமானால் சும்மா நிற்கும் பேட்டரி வோல்ட்டையும் கூட்டித்தான் காட்டும். பாய் என் தோளில் தட்டி, "கைராசிக்காரர்யா செல்வம் நீங்க" என்றார்.

3. மோட்டார் மேல் விழுந்த பழி

ஐந்து மாதம் கழித்து, புரட்டாசியில் ஒரு காலை பாயிடமிருந்து போன். "தம்பி, இன்னைக்குப் படகு ஆய்வு. பத்து மணிக்கு ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. நீங்க கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்." முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

படகுத்துறையில் பாயும் அவர் மனைவியின் தம்பி ஜபருல்லாவும் படகில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆள் எடைக்கு பன்னிரண்டு நெல் மூட்டை. குறுவை அறுத்து வந்த ஜபருல்லாவின் நெல். ஆளுக்குப் பதிலாக சீட்டில் ஒவ்வொரு மூட்டையாக உட்கார்த்தி வைத்திருந்தார்.

"எல்லாரும் டிக்கெட் எடுத்துட்டாங்க. வாந்தி எடுக்காத பயணிங்க" என்றார் ஜபருல்லா.

பாய் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஆடியிலிருந்தே படகு திரும்பி வரும்போது நத்தை மாதிரி ஊர்ந்திருக்கிறது. பேட்டரி எட்டும் பச்சை காட்டியதால் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மோட்டாரில்தான் கோளாறு என்று ஜபருல்லா சொல்லியிருக்கிறார். மோட்டாரைக் கழற்றித் தஞ்சாவூர் கொண்டுபோய், உள்ளே செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, காயில் கட்டி வந்திருக்கிறார்கள். அதற்கும் சரியாகவில்லை என்று, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கண்ட்ரோலரையும் மாற்றியிருக்கிறார்கள். புதுக் கண்ட்ரோலர் முந்தின நாள்தான் பொருத்தியது. ஆள் ஏற்றி ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

"பேட்டரியப் பத்தி எனக்குக் கவலையே இல்ல தம்பி. அது உங்க கைல இருந்து வந்தது" என்றார் பாய்.



ஆய்வில் என்ன என்று கேட்டேன். முழு எடையோடு, லகூன் கடலில் திறக்கிற முகம் வரை போய், இரண்டு மணி நேரத்துக்குள் சொந்த மோட்டாரில் திரும்ப வேண்டும். வழியில் பயணிகள் மாட்டிக்கொண்டதாக இரண்டு புகார் போயிருக்கிறது, அதனால் இந்த ஏற்பாடு. தவறினால் அனுமதி நின்றுவிடும்.

"நின்னா என்ன, மச்சானுக்கு ஷார்ஜாவுல பழைய வேலை காத்துக்கிட்டு இருக்கு" என்றார் ஜபருல்லா. "கம்பெனியில ரெண்டு தரம் போன் பண்ணிட்டான். எங்க அக்காதான் அந்த போனை எடுக்கவே விட மாட்டேங்குது."

"நீ சும்மா இரு" என்றார் பாய். அவர் முகம் கறுத்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பத்து மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஆய்வைத் தள்ளி வைக்கக் கேட்டிருக்கலாம். நான் ஹைட்ரோமீட்டரை எடுத்து எட்டையும் பார்த்தேன். ஏழு, எட்டு உட்பட எல்லாம் பச்சை. நான் ஊற்றிய ஆசிட் என்னையே பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. "பாய்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் துறையில் ஜீப் வந்து நின்றுவிட்டது.

4. தண்ணீர் மேல்

ஆய்வுக்கு வந்தவர் ஒரு அம்மா. எல்லோரும் மேடம் என்றார்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார்.

"யாரு மேடம் இத்தனை பேரு, பேரு எழுத வேணாமா?" என்று ஜபருல்லா மூட்டைகளைக் காட்டினார்.

"எடை சரியா இருந்தாப் போதும். நீங்க உக்காருங்க" என்றார் அவர்.

பாய் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தார். படகு நன்றாகக் கிளம்பியது. ஆற்றில் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம், போகிற திசைக்கு அது தள்ளிக்கொடுத்தது. பாய் முகத்தில் வெளிச்சம் வந்தது. நான் பின் சீட்டு மூட்டையை நகர்த்தி, பலகையைத் திறந்து, ஓடும் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன். ஓடாமல் நிற்கும்போது எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான். பாரம் இழுக்கும்போது வைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

ஒன்று முதல் ஆறு வரை ஆறு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஏழு, ஐந்தே முக்கால். எட்டு, ஐந்தரை.

அரை மணி நேரத்தில் ஏழாவது ஐந்து வோல்ட்டுக்கு வந்தது. எட்டாவது நாலுக்கு வந்தது. மற்றவை அசையவில்லை.

"என்ன ஓயாம பாத்துக்கிட்டு வர்றீங்க?" என்று மேடம் கேட்டார்.

"ரீடிங் மேடம்."

"எப்படி இருக்கு?"

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். "இருக்கு மேடம்" என்றேன். அது என்ன பதில் என்று எனக்கே தெரியவில்லை.

"பேட்டரிக்கு ஜாதகம் கணிக்கிறாரு மேடம். செல்வம், நம்ம மச்சானுக்கு எந்தத் திசை நடக்குது பாருங்க" என்றார் ஜபருல்லா. மேடம் கூடச் சிரித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

லகூனுக்குள் வந்தபோது காடு இரண்டு பக்கமும் விலகிப் போயிற்று. தண்ணீரும் வானமும்தான். முகத்துக்குப் பக்கத்தில் வலை கட்ட ஊன்றிய கம்புகள் வரிசையாக நின்றன. அதுவரை போனால் போதும். ஐம்பது நிமிடத்தில் வந்துவிட்டோம். மேடம் எழுதிக்கொண்டார். பாய் படகைத் திருப்பினார்.

திருப்பியதும் எல்லாம் எதிரி ஆகிவிட்டது. காற்று எதிரே. இறங்குகிற தண்ணீரும் எதிரே. படகு கொஞ்சம் முன்னால் போய், தயங்கி நின்றது. பாய் முழு ஆக்ஸிலேட்டரும் கொடுத்தார். மோட்டார் சத்தம் கூடி, பிறகு இறங்கியது.

எட்டாவதில் மீட்டரை வைத்தேன். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. செத்த பேட்டரி வரிசையில் நின்றால் அப்படித்தான். மற்ற ஏழும் கொடுப்பதை அது வாங்கித் தின்னும். உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டது. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. ஏழாவதில் இரண்டு வோல்ட்.

"மச்சான், அந்தக் கம்பு முன்னாடி போகுது" என்றார் ஜபருல்லா. குரலில் விளையாட்டு இல்லை. கம்பு நகரவில்லை. நாங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் முகம். முகத்துக்கு அந்தப் பக்கம் அலை உடைகிற வெள்ளைக் கோடு தெரிந்தது.

மேடம் செல்போனை எடுத்துப் பார்த்தார். டவர் இல்லை.

"மோட்டார்தான்! திரும்பவும் மோட்டார்தான்!" என்று பாய் கத்தினார். "கட்டிக் கொடுத்தவன் என்னை ஏமாத்திட்டான். கரைக்குப் போனதும் அவன் சட்டையப் பிடிக்கிறேன் பாருங்க!" அவர் கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது.

"பாய், காலை எடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று, வாழ்நாளில் கத்தாத மாதிரி கத்தினேன். "காலை எடுங்க பாய்! மோட்டார்ல ஒண்ணும் இல்ல. பேட்டரி!"

"எட்டும் பச்சையில நிக்குதே!"

"நான்தான் நிக்க வச்சேன். ஆசிட் ஊத்தி நிக்க வச்சேன். சித்திரையிலேயே ஏழும் எட்டும் போயிருச்சு. எனக்குத் தெரியும். சொல்லல."

பாய் காலை எடுத்தார்.  அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்து போதாது. மேடம்தான் முதலில் பேசினார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப என்ன பண்ணணும்?"

"ரெண்டையும் வரிசையில இருந்து கழட்டணும் மேடம். ஆறு இருந்தா முப்பத்தாறு வோல்ட் வரும். புதுக் கண்ட்ரோலர்ல முப்பத்தாறுன்னும் போட்டிருக்கு. ஓடும். மெதுவா ஓடும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். படகை யாராவது பிடிச்சு நிறுத்தணும்."

ஜபருல்லா படகில் கிடந்த மூங்கில் கழியை எடுத்துச் சேற்றில் குத்தினார். அது பாதி வரை உள்ளே போயிற்று. பிடி கிடைக்கவில்லை. பாய் போய் அவரோடு சேர்ந்து கழியைப் பிடித்து, தன் எடையை முழுக்க அதில் போட்டார். படகு பின்னால் போவது குறைந்தது. நிற்கவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்தேன். கடிகாரத்தையும் இடுப்பு அரைஞாணையும் கழற்றி வைத்தேன். பேட்டரி மேல் இரும்போ வெள்ளியோ பட்டால் கையோடு எரிந்துவிடும். ஆறாவதையும் ஏழாவதையும் இணைத்த லிங்க் பட்டையின் நட்டு உப்புக் காற்றில் பிடித்துப் போயிருந்தது. ஸ்பானர் இரண்டு தரம் நழுவியது. உள்ளங்கை கிழிந்தது. மூன்றாவது தரம் நட்டு அசைந்தது. எட்டாவதில் இருந்த மெயின் கேபிளை எடுத்து ஆறாவதுக்குக் கொண்டுவந்தேன். ஒரு முழம் எட்டவில்லை.

என் பையில் டிராக்டர் ஸ்டார்ட் பண்ண வைத்திருக்கும் ஜம்பர் கேபிள் இருந்தது. அந்த முழ இடைவெளிக்கு அதைக் கவ்வ விட்டேன். கேபிள் முனையில் உள்ள கவ்வி நழுவினால் தீப்பொறி பறக்கும். கொதித்த பேட்டரியில் இருந்து வந்த, தீப்பிடிக்கிற கேஸ் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பலகை முழுவதையும் திறந்து, காற்று அடித்துப் போகட்டும் என்று காத்திருந்தேன். அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு நீளமாக இருந்தது. அலைச் சத்தம் முன்னைவிடக் கிட்டே கேட்டது.

"செல்வம், இன்னும் என்னய்யா பாக்குறீங்க!" என்று ஜபருல்லா அலறினார்.

"கேஸ் போகணும்" என்றேன்.

பிறகு சுவிட்சைப் போட்டேன். "கால்வாசிதான் கொடுக்கணும் பாய். அதுக்கு மேல வேணாம்."

பாய் கொடுத்தார். மோட்டார் சுற்றியது. படகு பின்னால் போவது நின்றது. பிறகு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அந்தக் கம்புகளைத் தாண்ட ஆரம்பித்தது.

வழி முழுக்க ஜம்பர் கவ்வி சூடாகாமல் ஈரத் துணி சுற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  துறையில் ஏறும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

5. கரையில்

மேடம் நின்றபடியே எழுதினார். பிறகு பாயிடம் சொன்னார்: "படகு சொந்த மோட்டார்ல திரும்பி வந்துச்சு, அதை எழுதியிருக்கேன். நேரத்துக்கு வரல, அதையும் எழுதியிருக்கேன். எட்டு பேட்டரியும் புதுசா மாத்திட்டு எப்ப வேணா கூப்பிடுங்க, திரும்ப வந்து பாக்குறேன். அதுவரைக்கும் ஆள் ஏத்தக் கூடாது பாய்."

பாய் தலையாட்டினார். ஜீப் போன பிறகு என் பக்கம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க கடையில இந்த மாதிரி எத்தனை பேருக்குப் பச்சை காட்டியிருக்கீங்க?" என்று கேட்டார்.

 எத்தனை என்று எனக்குத் தெரியாது.

"பேட்டரிக்கு நான் பொறுப்பு பாய்" என்றேன்.

"எட்டுக்கும் பணத்துக்கு நீங்க எங்க போவீங்க? என்கிட்டயே இல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் கொட்டிட்டேன். ஒரு வார்த்தை தம்பி. அன்னைக்கு வாடா தின்னும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதுலயே எட்டும் வாங்கியிருப்பேன்."

ஐப்பசி மழை தொடங்கும் முன்பே அவர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். அந்த போனை அவர் மனைவியே எடுத்துக் கொடுத்தார் என்று ஜபருல்லா சொன்னார்.

நான் முதலாளியிடம் போய், இனி யார் பேட்டரியையும் பச்சைக்கு ஏற்ற மாட்டேன் என்றேன். "அப்ப கஸ்டமர் அடுத்த கடைக்குப் போவான். நீயும் அவனோட போயிடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் கோபப்படவில்லை. வீட்டு வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு சார்ஜர் வைத்தேன். முதல் வருடம் ஆட்கள் குறைவு. "அந்தாளு எதைக் கொண்டுபோனாலும் செத்துப்போச்சுன்னு சொல்லுவான்" என்று எனக்குப் பெயர்.

மீதி ஆறு பேட்டரியையும் பாய் போகும் முன் என்னிடம் விட்டுப் போயிருந்தார். மெதுவாக, நாள் கணக்கில் சார்ஜ் ஏற்றி, பிறகு ஹெட்லைட் பல்புகளைக் கட்டிப் பாரம் கொடுத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பேன். இதில் நாலு பேட்டரியாவது தேறினால் புதுசு வாங்கும் எண்ணிக்கை குறையுமா என்று பாய்க்கு ஒரு நினைப்பு. பழசும் புதுசும் ஒரே வரிசையில் சேராது என்று இந்தத் தடவை தெளிவாகச் சொன்னேன். அப்படியானால் வீட்டு விளக்குக்காவது ஆகட்டும் என்றார். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்துவிட்டு அங்கிருந்து கூப்பிடுவார். முதல் தடவை கூப்பிட்டபோது, அளந்ததைக் குறித்து வைத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க தம்பி."

"ஒண்ணாவது நாலு மணி நேரம் நின்னுச்சு பாய். ரெண்டாவது..."

"ம்."

"ரெண்டாவது போயிருச்சு பாய். இனி வராது."

 அங்கே கப்பல் சங்கு ஊதுவது கேட்டது.

"சரி. மூணாவது சொல்லுங்க" என்றார்.

பதினாறு மாதம் அப்படிச் சொன்னேன். பிறகு அவர் வந்தார், எட்டும் புதுசாக வாங்கினார், அனுமதி கிடைத்தது, இன்றும் படகு ஓடுகிறது. பின் மூலையில் கை நுழைய நான் பலகையை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதினாறு மாதம் அவர் வீட்டில் இல்லை. அதற்குக் காரணம் மோட்டாரோ பேட்டரியோ இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பேட்டரியை ஓட விட்டு, பாரம் கொடுத்து, ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். மிதவையை மட்டும் நம்பாதீர்கள். அளப்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அளந்ததை அந்த மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இருபது வருடம் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை எழுதி முடித்தது பங்குனி மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.